பாக்கி ஒரு குருவி

கொடைக்கானல்
4 நவம்பர் 2024

மகா,

போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். நேரில் வந்தால் உன் அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு, "மாப்ள, அவ பாக்க மாட்டேங்குறா, கெளம்புங்க" என்கிறார். வேறு வழி தெரியாமல் இதை எழுதி, வத்தலக்குண்டு பஸ் கண்டக்டர் பழனிமுத்துவிடம் கொடுத்தனுப்புகிறேன். பஸ் ஸ்டாண்ட் பூக்கடையில் கொடுத்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். சிரித்தாலும் பரவாயில்லை, படிக்காமல் கிழித்துவிடாதே.

நீ மதியைத் தூக்கிக்கொண்டு உன் அம்மா வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. வீட்டுக்குள் போகவே பிடிக்கவில்லை. அடுப்பு பற்றவைத்தால் யாருக்கு என்று இருக்கிறது. மதியின் ஒரு சாக்ஸ் மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி அங்கேயே போட்டுவிட்டேன்.

மருந்துக்கடையை இப்போது நேரத்துக்குத் திறக்கிறேன். மாற்றுச் சாவி ஒன்றைப் பக்கத்து பேக்கரியில் கொடுத்து வைத்திருக்கிறேன். இனிமேல் அன்றைக்கு நடந்த மாதிரி நடக்காது. நீ திரும்பி வா. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஒன்று சொன்னால் கோபப்பட மாட்டாயே. என் குருவிப் பட்டியலில் இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது கிடைத்தால் இருநூறு. இந்த வருடத்துக்குள், திண்டுக்கல் மாவட்டத்துக்குள், என் கையால் படம் எடுத்திருந்தால்தான் கணக்கு என்பது உனக்கே தெரியும். பார்த்தேன், கேட்டேன் என்பதெல்லாம் செல்லாது. பாக்கி இருப்பது ஆறுமணிக் குருவி. மழைக்காலத்தில் வடக்கேயிருந்து வரும். பொழுது சாயும்போது, ஆறு மணி வாக்கில், இரண்டு தரம் விசிலடித்துவிட்டு அடங்கிவிடும். பச்சை முதுகு, நீலச் சிறகு, வாலடியில் ரத்தச் சிவப்பு. அதை மட்டும் எடுத்துவிட்டேன் என்றால் கேமராவை பீரோவில் பூட்டிவிடுவேன். மதி மேல் சத்தியம்.

உன்
தனசேகர்

*

வத்தலக்குண்டு
7 நவம்பர் 2024

உங்களுக்கு,

பிள்ளை மேல் சத்தியம் பண்ண எப்படிங்க மனசு வந்தது? அதுவும் ஒரு குருவிக்காக!

நம்பரைத் தடுத்தது கோபத்தில் இல்லை. உங்கள் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். எழுத்தில் என்றால் பிடிக்காத இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, நல்லாக் கோபத்தை ஏற்றிக்கொள்ளலாம்.

"அன்றைக்கு நடந்த மாதிரி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என்ன நடந்தது என்று நான் எழுதுகிறேன், நீங்களும் ஒரு தரம் படியுங்கள். மதிக்குக் காய்ச்சல் ஏறினால் வலிப்பு வரும், மூக்கில் அடிக்கிற மருந்து எப்போதும் வீட்டில் இருக்கணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் தீர்ந்துபோய் ஒரு வாரம். "கடையில இருக்கு, நாளைக்கு எடுத்தாரேன்" என்று தினமும் சொன்னீர்கள். ஆகஸ்ட்டில் அந்த ஆடிக்காற்றில், வெள்ளனே எழுந்து காட்டுப்புறா எடுக்கப் போனீர்கள். பிள்ளைக்குக் கண் மேலே சொருகிவிட்டது. தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். ஷட்டர் பூட்டியிருக்கிறது. சாவி உங்கள் பாக்கெட்டில், நீங்கள் காட்டில். ஊருக்கே மருந்து விற்கிறவர் பொண்டாட்டி, வாயில் நுரை தள்ளுகிற பிள்ளையோடு பூட்டின கடை முன்னால் நின்று ஷட்டரைத் தட்டினேன். யாரைக் கூப்பிட்டுத் தட்டினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மாடி வீட்டு புவனா அக்கா காரை எடுக்கவில்லை என்றால் இந்தக் கடிதமே இல்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்களே, அப்போது உங்கள் கழுத்தில் என்ன தொங்கியது என்று ஞாபகம் இருக்கிறதா?

அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் குருவிகளில்? எனக்குப் புரியும்படி ஒரு தரம் சொல்லுங்கள்.

சண்முகராஜ் அண்ணன் நம் கல்யாணத்தைத் தீர்த்துவிடச் சொல்கிறான். பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர்கள் இங்கே உட்காரப் போகிறார்கள். உங்கள் தாய்மாமாவுக்கும் சொல்லியாகிவிட்டது. நீங்கள் பெரிய பேச்சு ஒன்றும் பேச வேண்டாம். எல்லார் முன்னாலும், "எம் பொண்டாட்டி பிள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும். பையைக் கட்டி வைத்திருப்பேன். உங்கள் பின்னால் பைக்கில் ஏறி உட்கார்ந்துவிடுவேன்.

கேமரா வேண்டாம். வெறுங்கையோடு வாருங்கள்.

மகாதேவி

*

கொடைக்கானல்
11 நவம்பர் 2024

மகா,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். இருமல் மருந்து வாங்க வந்த ஒரு அம்மா, "என்ன தம்பி, வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லயே?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வெறுங்கையோடு வருகிறேன்.

அந்தக் குருவிகளில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். நீ கேட்டதற்காகச் சொல்கிறேன், இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. கொரோனா சமயத்தில் ஊரே அடைத்துக் கிடந்தபோது நான் கடையைத் திறந்து வைத்திருந்தேன். காலையில் அப்பாவுக்கு மாத்திரை வாங்கிப் போனவன் மறுநாள் வந்து, "அண்ணே, பாதி அட்டை அப்படியே இருக்கு, திருப்பி எடுத்துக்குவீங்களா?" என்று கேட்பான். அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அப்படி எத்தனை பேர் என்று நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். நிறுத்த முடியவில்லை. படுத்தால் எண்ணிக்கை, எழுந்தால் எண்ணிக்கை. ஒருநாள் விடிகாலையில் ஏரிக்கரையில் நடந்தபோது ஒரு மீன்கொத்தியைப் பார்த்தேன். சும்மா, "ஒண்ணு" என்றேன். அடுத்து ஒரு வாலாட்டிக் குருவி, "ரெண்டு." அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

இதைப் பாதியில் விட்டால் அந்தப் பழைய எண்ணிக்கை திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும் என்று பயமாக இருக்கிறது. கிறுக்குத்தனம்தான். ஆனால் பயம் நிஜம், மகா. நீ பக்கத்தில் இருந்தால் அந்தப் பயத்தைத் தாங்கிக்கொள்வேன் என்று நினைக்கிறேன்.

மதிக்கு ஏரிக்கரையில் ஒரு சிவப்பு ஸ்வெட்டர் பார்த்து வைத்திருக்கிறேன். வரும்போது வாங்கி வருகிறேன்.

எங்கள் குருவி குரூப்பில் இருக்கிற ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் திருமலைச்சாமி சார் நேற்று போன் பண்ணினார். பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் ஆறுமணிக் குருவி இறங்கியிருக்கிறதாம். நான் போகவில்லை, போகவும் மாட்டேன். சும்மா சொன்னேன்.

தனசேகர்

*

வத்தலக்குண்டு
18 நவம்பர் 2024

உயிரோடு இருக்கிறீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

வந்தவர்களுக்கு மூன்று தரம் காபி போட்டேன். நாலாவது தரம் போடப் போனபோது அம்மா, "விடுடி, போதும்" என்று டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார். உங்கள் தாய்மாமா பாவம், நிமிடத்துக்கு ஒரு தரம் தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டு, "மலையில வண்டி நின்னுருக்கும்மா, பனி ஜாஸ்தி" என்று அவருக்கு அவரே சொல்லிக்கொண்டிருந்தார். மதி காலையிலேயே ஷூ மாட்டிக்கொண்டு கேட்டில் ஏறி நின்றுவிட்டாள். இறக்கிச் சாப்பாடு கொடுக்க முடியவில்லை. பைக் சத்தம் கேட்டபோதெல்லாம், "அப்பா!" என்று ஒரு கத்து. தெருவில் எத்தனை பைக் போகும்!

கடைசியில் நான் எல்லார் முன்னாலும் பொய் சொன்னேன். "அவுகளுக்குக் காய்ச்சல், இப்பத்தான் போன் வந்துச்சு" என்றேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். உங்கள் நம்பரைத் தடுத்து வைத்திருப்பது அவனுக்குத் தெரியும். மானம் போனது போகட்டும், அவன் பார்வையில் இருந்த பரிதாபத்தைத்தான் தாங்க முடியவில்லை.

மார்கழி பிறந்துவிட்டால் எதையும் பேசக் கூடாது, கார்த்திகைக்குள் ஒரு முடிவு தெரிந்தாகணும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

மலைப்பாதையில் எங்கேயாவது பைக்கோடு விழுந்து கிடக்கிறீர்களோ என்று பொட்டுத் தூக்கம் இல்லை. விபத்து என்று எழுதினால் அழுதுகொண்டே ஓடி வருவேன். வேறு காரணம் எதையும் எழுதிவிடாதீர்கள் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

மகாதேவி

*

கொடைக்கானல்
20 நவம்பர் 2024

மகா,

உயிரோடு இருக்கிறேன். விபத்து இல்லை.

பொய் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றால்கூட நீ நம்பியிருப்பாய். ஆனால் அதற்கும் எனக்கு வக்கில்லை.

காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். வெறுங்கையோடு என்றுதான் மனசில் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே கேமராவை எடுத்து வண்டிப் பெட்டியில் வைத்தேன். ஸ்வெட்டரும் அதோடு இருந்தது. ஊத்து பஸ் ஸ்டாப் வரைக்கும் உன்னிடம் என்ன பேசுவது என்று யோசித்தபடி ஒழுங்காகத்தான் இறங்கினேன். அங்கே பண்ணைக்காட்டு ரோடு பிரிகிறதே, அந்த இடத்தில் வண்டி தானாகத் திரும்பியது என்று சொன்னால் நீ காறித் துப்புவாய். நான்தான் திருப்பினேன். கால் மணி நேரம் பார்த்துவிட்டு வந்தாலும் நேரத்துக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன்.

தோட்டத்தில் குருவி இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று புதருக்குள் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் தாண்டியதும் இனி அங்கே போய் என்ன முகத்தைக் காட்டுவது என்று ஆகிவிட்டது. போகாதது போகட்டும், படமாவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். இதை உனக்கு எழுதும்போது என் கையே கூசுகிறது. ஆறு மணிக்கு விசில் கேட்டது. ரொம்பப் பக்கத்தில். ஒரு இறகுகூடக் கண்ணில் படவில்லை.

இருட்டில் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், மகா. குருவிக்காக அழுகிறேனா, மதிக்காக அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருக்கிறது. குடிகாரனுக்கு மருந்து இருக்கிறது, நானே விற்கிறேன். இதற்கு என்ன மருந்து?

என்னை விட்டுவிடாதே. நீயும் விட்டால் எனக்கு யாருமில்லை.

தனசேகர்

*

வத்தலக்குண்டு
25 நவம்பர் 2024

உங்களுக்கு,

ஐந்து நாளாக எழுதக் கூடாது, எழுதக் கூடாது என்று இருந்தேன். இப்போது எழுதுகிறேன் என்றால் எனக்கும் புத்தி கெட்டுப் போச்சு என்றுதான் அர்த்தம்.

உங்கள் ஆறுமணிக் குருவி எங்கள் கொல்லையில் இருக்கிறது.

இன்று நேற்று இல்லை. உங்கள் முதல் கடிதம் வந்த வாரத்திலேயே வந்துவிட்டது. மதிதான் முதலில் பார்த்தாள். பச்சை முதுகு, நீலச் சிறகு, வாலடியில் சிவப்பு, நீங்கள் எழுதினது எல்லாம் அப்படியே இருந்தது. கொய்யா மரத்தடியில் இலையைக் கிளறிக்கொண்டு தத்தித் தத்தி நடக்கிறது. சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் இறங்கிவிடும். பொழுது அடைந்தால் இரண்டு விசில். அது விசிலடித்ததும் அம்மா விளக்கேற்றப் போகிறார், அந்த அளவுக்குப் பழகிவிட்டது.

அன்றைக்கே சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து குதித்திருப்பீர்கள். எனக்குத் தெரியாதா? ஒரு வரி எழுதினால் போதும் என்று பேனாவை எடுப்பேன், அப்புறம் வைத்துவிடுவேன். குருவிக்காக வருகிற மனுஷன் எனக்கு எதுக்கு? எனக்காக, பிள்ளைக்காக வரட்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பண்ணைக்காட்டுப் புதரில் எதற்காகக் காத்துக் கிடந்தீர்களோ, அது அந்த நேரத்தில் எங்கள் கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்தது. நீங்கள் சொன்னபடி வந்திருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும். நினைத்தால் சிரிப்பாகவும் வருகிறது, வயிற்றெரிச்சலாகவும் வருகிறது.

இப்போது பிடிவாதம் பிடிக்க என்னிடம் தெம்பு இல்லை. தலைக்கு மேல் வெள்ளம் போயாச்சு, சாண் என்ன முழம் என்ன. கொரோனா பற்றி நீங்கள் எழுதியதை நான் பல தரம் படித்துவிட்டேன். இத்தனை வருடம் பக்கத்தில் படுத்திருந்தும் எனக்குத் தெரியவில்லையே என்று அழுதேன். அந்த ஒன்றைக் கொடுத்துவிட்டால் உங்களைப் பிடித்திருக்கிற பேய் இறங்கிவிடுமோ என்று ஒரு நப்பாசை.

புதன்கிழமை வாருங்கள். அண்ணன் மார்க்கெட்டிலிருந்து வர நேரமாகும். வாய்க்கால் பக்கத்துச் சந்து வழியாக வந்தால் கொல்லைக் கதவு. தாழ்ப்பாள் போட மாட்டேன். உங்கள் குருவியை நல்லா எடுத்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரவில்லை. எடுத்து முடித்ததும் அடுக்களைக் கதவு வழியாக உள்ளே வாருங்கள். அதுவும் திறந்தே இருக்கும். இட்லி ஊற்றி வைத்திருப்பேன்.

மதியிடம் சொல்லவில்லை. மறுபடி அவள் ஏமாறக் கூடாது.

மகாதேவி

*

கொடைக்கானல்
28 நவம்பர் 2024

என் தங்கமே, மகா!

கிடைத்துவிட்டது! இருநூறு! உன் கையால் கிடைத்தது!

படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், பார். கண்ணில் வெளிச்சப் புள்ளிகூட விழுந்திருக்கிறது. வாயில் புழு. தரையோடு தரையாகப் படுத்து எடுத்ததால் குருவியின் மட்டத்திலேயே வந்திருக்கிறது. சட்டையெல்லாம் சேறு. அதெல்லாம் ஒன்றுமே தெரியவில்லை. லென்ஸுக்குள் அது என்னை நேராகப் பார்த்த அந்த நேரத்தில் நெஞ்சில் இருந்த பாரம் அப்படியே கழன்று விழுந்தது. நேற்று ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, எதையும் எண்ணாமல்.

குரூப்பில் போட்டேன். திருமலைச்சாமி சாரே, "இந்த வருஷத்தோட படம் இதுதான்யா" என்று எழுதிவிட்டார். எல்லாரும் பின்னணியைத்தான் புகழ்கிறார்கள். குருவிக்குப் பின்னால் மங்கலாக ஒரு மஞ்சள் விழுந்திருக்கிறது, பார். உங்கள் கொல்லையில் செவ்வந்தி போட்டிருக்கிறீர்களா? அந்த மஞ்சள் இருப்பதால்தான் குருவியின் பச்சை இப்படித் தூக்கலாகத் தெரிகிறது. நினைத்து வைத்தாலும் அப்படி அமையாது.

உள்ளே வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. மச்சான் பைக் சத்தம் மாதிரி கேட்டது. உனக்கு எதற்கு வம்பு என்று சந்து வழியாகவே நழுவிவிட்டேன். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் வரைக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். இனி ஒன்றும் இல்லை. முடிந்தது. கேமராவை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டாக்ஸி எடுத்துக்கொண்டு வருகிறேன். பெரியவர்கள் யார் இருந்தாலும் சரி, எல்லார் காலிலும் விழுகிறேன். பையைக் கட்டி வை. மதிக்கு ஸ்வெட்டர் எடுத்து வருகிறேன் என்று சொல். அவளைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது!

உன்னுடைய
தனசேகர்

*

வத்தலக்குண்டு
30 நவம்பர் 2024

உங்களுக்கு,

பைக் சத்தம் எதுவும் கேட்கவில்லைங்க. அண்ணன் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வந்தான்.

எங்கள் கொல்லையில் செவ்வந்தியும் இல்லை. கொய்யா மரத்தை விட்டால் வாழையும் கறிவேப்பிலையும்தான். அந்த மஞ்சள் உங்கள் மகள்.

தீபாவளிக்கு அம்மா எடுத்துக் கொடுத்த மஞ்சள் பாவாடை. நான் அடுக்களையில் இருந்தபோது நீங்கள் சந்துக்குள் நுழைவதை அவள் பார்த்துவிட்டாள். "அப்பா" என்று கத்தப் போனாள். நீங்கள் கண்ணில் கேமராவை வைத்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டீர்கள். பறவை இருக்கும்போது மூச்சுகூடச் சத்தமாக விடக் கூடாது, அசையவே கூடாது என்று நீங்கள்தானே ஏரிக்கரையில் சொல்லிக் கொடுத்தீர்கள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் அப்படியே குத்த வைத்துவிட்டாள். குருவிக்குப் பின்னால், உங்களுக்கு நேர் எதிரே.

நான் இட்லித் தட்டோடு ஜன்னலில் நின்றேன். இப்போது நிமிர்ந்துவிடுவார், இப்போது பார்த்துவிடுவார் என்று நின்றேன். குருவி பறந்து போச்சு. நீங்கள் எழுந்தீர்கள். கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் மதி பிறந்த அன்றைக்குப் பார்த்தது. அப்புறம் கொல்லைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய்விட்டீர்கள். பிள்ளை இன்னும் வாயைப் பொத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

ஓடிப்போய்த் தூக்கினேன். "அம்மா, நான் அசையவே இல்லல்ல?" என்று கேட்டாள்.

உங்களை நான் வெறுக்கவில்லை. வெறுக்க முடிந்திருந்தால் என் பாடு எப்போதோ லேசாகியிருக்கும். உங்களுக்கு நல்ல தூக்கம் வந்தது என்று படித்தபோதுகூட ஒரு நிமிஷம் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் பூட்டின கடை முன்னால் நின்றது நான். இப்போது அதே மாதிரி நிற்கப் பிள்ளையும் பழகிக்கொண்டுவிட்டாள். அதை நான் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். தீர்த்துவிடுங்கள் என்று அண்ணனிடம் நானே சொல்லிவிட்டேன்.

படத்தைத் திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். முடியவில்லை. நான் உறையைப் பிரிக்கும்போதே மதி பிடுங்கிக்கொண்டாள். அந்த மங்கலில் தன் பாவாடையைப் பார்த்த பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டாள். தெருவில் ஒரு வீடு விடாமல் கொண்டுபோய்க் காட்டுகிறாள். "எங்கப்பா என்னயப் படம் எடுத்துருக்காங்க. முன்னாடி ஒரு குருவி வந்து மறைச்சிருச்சு" என்கிறாள்.

"ஆமாடி, உன்னத்தான் எடுத்தாங்க" என்று நானும் சொல்லிவிட்டேன்.

மகாதேவி